23 கி.மீ. மைலேஜ், 7 சீட்... ஹைபிரிட் குடும்ப கார் யாருக்கு லாபம்?

கார் வாங்குவது என்று முடிவான வீட்டில் முதல் கேள்வி, "எத்தனை பேர் உட்காரலாம்?" அடுத்த கேள்வி, "மைலேஜ் எவ்ளோ கொடுக்கும்?" இந்த இரண்டுக்கும் ஒரே வண்டியில் நல்ல பதில் கிடைப்பது ரொம்ப நாளாகக் கஷ்டமாகவே இருந்தது. ஏழு பேர் போகும் பெரிய வண்டி என்றால் டீசல் என்பதுதான் பழக்கம். அதே சைஸில் பெட்ரோல் வண்டி வாங்கினால் பங்க்கிலேயே பாதி சம்பளம் போய்விடும் என்ற பயம்.

அந்தப் பழக்கத்தை மாற்றிய வண்டி டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ். 2022 நவம்பரில் இந்தியாவில் அறிமுகமானது. மூன்று வரிசை சீட், 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், கூடவே மின்சார மோட்டார். நிறுவனம் சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 23.24 கி.மீ. இதே வண்டியின் ஹைபிரிட் இல்லாத பெட்ரோல் மாடலுக்கு 16.13 கி.மீ. 2023 ஜூலையில் மாருதி இதையே 'இன்விக்டோ' என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது.

எஸ்யூவி மாதிரி தோற்றம், சின்ன கார் மாதிரி மைலேஜ், வேன் மாதிரி இடம். கேட்கும்போது செம டீல்தான். ஆனால் 23 என்ற எண்ணை மட்டும் நம்பி 30 லட்சம் பக்கத்தில் செலவு செய்வது பெரும்பாலான குடும்பங்களுக்கு லாபம் இல்லை. இந்த வண்டியின் உண்மையான லாபம் மூன்றாவது வரிசையில் ஆள் உட்காருவதிலும், சிட்டி டிராஃபிக்கில் தினமும் ஓடுவதிலும் இருக்கிறது. அந்த இரண்டும் இல்லாத வீட்டுக்கு இது விலை உயர்ந்த ஆசை மட்டுமே.

சிக்னலில்தான் மிச்சம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. 'ஹைபிரிட்' என்று எழுதியிருக்கும் எல்லா வண்டியும் ஒன்றல்ல. எர்டிகா, எக்ஸ்எல்6 போன்றவற்றில் இருப்பது மைல்டு ஹைபிரிட். அதில் மோட்டார் இன்ஜினுக்கு ஒரு கை கொடுக்கும், அவ்வளவுதான். தனியாக வண்டியை ஓட்டாது. ஹைகிராஸில் இருப்பது ஸ்ட்ராங் ஹைபிரிட். மெதுவாகப் போகும்போது இன்ஜினை அணைத்துவிட்டு மோட்டாரில் மட்டுமே ஓடும். பிளக் போட்டு சார்ஜ் செய்யும் வேலை இல்லை.

பிரேக் பிடிக்கும்போது சாதாரண காரில் வேகம் முழுவதும் வெப்பமாக வீணாகிறது. ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் அதில் ஒரு பகுதி மின்சாரமாகி பேட்டரிக்குப் போகிறது. அடுத்த சிக்னலில் வண்டி கிளம்ப அந்த மின்சாரம் உதவுகிறது. அதாவது, நின்று நின்று போகும் இடத்தில்தான் இதற்கு வேலை அதிகம். சாதாரண பெட்ரோல் கார் மூச்சு வாங்கும் அண்ணா சாலை டிராஃபிக்தான் ஹைபிரிட்டுக்கு ஹோம் கிரவுண்ட்.

நெடுஞ்சாலையில் கதை மாறுகிறது. நூறு கி.மீ. வேகத்தில் ஒரே சீராகப் போகும்போது பிரேக்குக்கு வேலை குறைவு. திரும்பக் கிடைக்கும் மின்சாரமும் குறைவு. வேலையில் பெரும்பங்கு இன்ஜின் தலையில்தான். போதாததற்கு, காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனாலே எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். உயரமும் அகலமும் கூடிய வண்டிக்கு அது இன்னும் பெரிய சுமை. அதனால்தான் சிட்டியில் கிடைத்த மைலேஜ்கூட பைபாஸில் கிடைக்கவில்லையே என்று ஹைபிரிட் ஓட்டுபவர்கள் சில நேரம் ஆச்சரியப்படுகிறார்கள்.

விளம்பரத்தில் வரும் 23.24 ஆய்வகத்தில் எடுக்கப்பட்ட அளவு. உருளைகளின் மேல் வண்டியை ஓட்டி, வேகம் 90 கி.மீ.யைத் தாண்டாத ஒரு சோதனை முறையில் கிடைப்பது. ஏழு பேரும் லக்கேஜும் ஏறிய வண்டி, மே மாத வெயிலில் ஏசி போட்டுக்கொண்டு திண்டிவனம் தாண்டும்போது அதே எண் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. வண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட அந்த எண் உதவும். வீட்டு பட்ஜெட் போட உதவாது.

கணக்குப் போட்டால் என்ன வரும்?

ஹைபிரிட் மாடலுக்கும் சாதாரண பெட்ரோல் மாடலுக்கும் ஷோரூம் விலையில் 5 லட்சம் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு 20 சதவீதம் ஆயுள் வரி. அதையும் சேர்த்தால் வித்தியாசம் 6 லட்சம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

வருடத்துக்கு 10,000 கி.மீ. ஓட்டும் வீடு. நிறுவனம் சொல்லும் மைலேஜ்படி பார்த்தால் சாதாரண பெட்ரோலுக்கு 620 லிட்டர், ஹைபிரிட்டுக்கு 430 லிட்டர். வருட மிச்சம் சுமார் 19,000 ரூபாய். போட்ட 6 லட்சம் திரும்பி வர 31 வருஷம் ஆகும். ஒரு காரின் ஆர்.சி.யே 15 வருஷத்துக்குத்தான்!

அதே வீடு முழுக்க சிட்டி டிராஃபிக்கில் ஓட்டுகிறது என்று வைத்துக்கொண்டால்? சாதாரண பெட்ரோல் 10 கி.மீ., ஹைபிரிட் 16 கி.மீ. கொடுப்பதாகக் கொண்டால் மிச்சம் வருடத்துக்கு 37,500 ரூபாய். பணம் திரும்ப 16 வருஷம். இப்போதும் கட்டுப்படியாகவில்லை.

ஆனால் அதே சிட்டியில் வருடத்துக்கு 30,000 கி.மீ. ஓடினால் மிச்சம் 1,12,500 ரூபாய். ஐந்தரை வருஷத்துக்குள் போட்ட பணம் கைக்கு வந்துவிடும். இரண்டு பக்கமும் 25 கி.மீ. ஆபீஸ், நடுவில் ஸ்கூல், டியூஷன், வார இறுதியில் உறவினர் வீடு என்று நாளெல்லாம் சக்கரம் சுற்றும் குடும்பத்துக்கு மட்டுமே இந்தக் கணக்கு ஒத்துவரும்.

இதில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. மைலேஜ் 10-லிருந்து 16-க்கு ஏறினால் 1,000 கி.மீ.க்கு 37 லிட்டருக்கு மேல் மிச்சம். 16-லிருந்து 22-க்கு ஏறினால், அதே ஆறு கி.மீ. உயர்வுதான், மிச்சம் 17 லிட்டர் மட்டுமே. மைலேஜ் ஏற ஏற, கூடும் ஒவ்வொரு கி.மீ.யும் தரும் லாபம் குறைந்துகொண்டே போகும். "அந்த வண்டி 20, இந்த வண்டி 23" என்று ராத்திரி முழுக்க யூடியூப் பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

ஒரு விஷயத்தை மறுக்க முடியாது. ஹைபிரிட் மாடலில் கூடுதல் விலைக்கு மைலேஜ் மட்டும் வருவதில்லை. 186 பிஎஸ் பவர், டிராஃபிக்கில் சத்தமே இல்லாத ஓட்டம், சொகுசு வசதிகள் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. பேட்டரி போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்துக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வாரன்டி இருக்கிறது. சொகுசுக்காகத்தான் வாங்குகிறோம் என்று சொல்லி வாங்கினால் தப்பே இல்லை. அதை 'சேமிப்பு' என்று பெயர் வைத்து வீட்டில் ஒப்புதல் வாங்குவதுதான் சிக்கல்.

ஏழு பேர் ஏறினால் பெட்டி எங்கே?

நடைமுறைக்கு வரலாம். ஹைகிராஸில் மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது டிக்கியில் 300 லிட்டர் இடம். ஸ்விஃப்ட் மாதிரி ஒரு சின்ன காரின் டிக்கியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதில் ஐந்து பேர் லக்கேஜ் போகும் என்றால், இதில் ஏழு பேர் லக்கேஜ் போக வேண்டும். மூன்றாவது வரிசையை மடக்கினால் 991 லிட்டர், தாராளம். ஆனால் அப்போது அது ஏழு சீட்டர் இல்லை.

அதாவது, ஏழு பேரா, ஏழு பேரின் பெட்டிகளா என்பதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது எப்படியோ அடைத்துவிடலாம். திரும்பி வரும்போது அரிசி மூட்டை, தேங்காய், பலகார டப்பா எல்லாம் எங்கே? கடைசியில் கூரைமேல் கேரியர். கேரியர் ஏறினால் காற்றின் எதிர்ப்பும் ஏறும், மைலேஜ் இறங்கும். எதற்காகக் கூடுதல் பணம் கொடுத்தோமோ அதில் ஒரு பங்கு காற்றோடு போகும்.

கடைசி வரிசையில் யார் உட்காருவது என்பதும் பேச வேண்டிய விஷயம். ஹைகிராஸின் தளம் பழைய இன்னோவா கிரிஸ்டாவைவிடத் தாழ்வானது. மூட்டு வலி உள்ள பெரியவர்களுக்கு ஏறி இறங்கச் சுலபம். ஆனால் அது நடு சீட் வரைக்கும்தான். கடைசி வரிசைக்குக் குனிந்து, நுழைந்து போக வேண்டும். தாத்தா பாட்டி அங்கே போக மாட்டார்கள், பிள்ளைகள் போவார்கள். அங்கே உட்காரும் பிள்ளைகளும் சீட் பெல்ட் போட வேண்டும். 'பின்னாடிதானே' என்று விட்டுவிடும் பழக்கம் நம்மூரில் இன்னும் மாறவில்லை.

ஆளுக்கு எத்தனை லிட்டர்?

சரி, அப்போ இந்த வண்டி வேஸ்ட்டா? இல்லவே இல்லை. சீட் நிறைந்தால் கணக்கே தலைகீழ்.

சென்னையிலிருந்து மதுரைக்குச் சுமார் 460 கி.மீ. ஹைபிரிட் 15 கி.மீ. மட்டுமே கொடுத்தாலும் பெட்ரோல் செலவு 3,100 ரூபாய்க்குள் முடியும். ஏழு பேர் போனால் ஆளுக்கு 440 ரூபாய். அதே ஏழு பேர் 20 கி.மீ. கொடுக்கும் இரண்டு சின்ன கார்களில் போனால் 4,600 ரூபாய். சுங்கச்சாவடியில் இரண்டு முறை கட்டணம், ஓட்டுவதற்கு இரண்டு பேர். மறுபக்கம், அதே பெரிய வண்டியில் கணவன் மனைவி மட்டும் போனால் ஆளுக்கு 1,550 ரூபாய்.

வண்டி ஒரு லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்பதைவிட, அந்த லிட்டரில் எத்தனை பேர் போகிறார்கள் என்பதே குடும்ப காருக்குச் சரியான அளவுகோல். அப்பா அம்மாவோடு சேர்ந்து வாழும் ஆறேழு பேர் வீட்டுக்கு இது உண்மையிலேயே சிக்கனமான வண்டி. நான்கு பேர் வீட்டில் வருஷத்துக்கு மூன்று பயணத்துக்காக மூன்றாவது வரிசை வாங்குபவர்கள், மீதி 350 நாளும் காலி சீட்டைச் சுமந்து பெட்ரோல் எரிக்கிறார்கள். அந்த மூன்று பயணத்துக்கு வாடகை வண்டி எடுத்தால் 6 லட்சத்தில் பல வருஷம் ஓட்டலாம்.

வரியும் ஒரு கணக்கு

2025 செப்டம்பர் 21 வரை ஸ்ட்ராங் ஹைபிரிட் பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டி, செஸ் சேர்த்து 43 சதவீதம். சாதாரண பெரிய எஸ்யூவிகளுக்கு 50 சதவீதம். இப்போது இரண்டுக்கும் 40 சதவீதம். விலை குறைந்தது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஹைபிரிட்டுக்கு இருந்த ஏழு சதவீத சலுகை அதோடு காணாமல் போனதைப் பலர் கவனிக்கவில்லை. மின்சார கார்களுக்கு வரி இன்னமும் 5 சதவீதம்தான்.

உத்தரப் பிரதேசம் 2024-ல் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுகளுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது. இங்கேயும் செய்ய வேண்டும் என்ற குரல் உண்டு. ஆனால் 30 லட்ச ரூபாய் கார் வாங்குபவருக்குத் தரும் சலுகை, பஸ்ஸுக்கு நிற்பவரின் வரிப்பணத்திலிருந்துதான் போகும். காலி சீட்டோடு ஓடும் வண்டிக்கு அதைக் கொடுப்பதில் நியாயம் இல்லை.

ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு மாதம் இரண்டு விஷயங்களை மட்டும் எழுதிப் பாருங்கள்: ஒவ்வொரு பயணத்திலும் காரில் எத்தனை பேர், சிட்டிக்குள் எத்தனை கி.மீ. டெஸ்ட் டிரைவுக்கு வீட்டில் எல்லோரையும் கூட்டிப் போங்கள், இரண்டு பெட்டியும் எடுத்துப் போங்கள். பெரியவர் ஒருவரை அரை மணி நேரம் கடைசி வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். பிரவுச்சரில் இல்லாத மைலேஜ் அப்போது தெரிந்துவிடும்.