தட்டைக் குற்றஞ் சொல்லாதீர்கள்

“பாக்கப் பளபளன்னுதான் இருக்கு, போட்டா கரகரங்குது. செத்த ரெக்கோட் ஐயா. சொவத்துல மாட்டத்தான் சரி.”

பதுளையில் பழைய பொருள் விற்கும் கடையொன்றில் அண்மையில் கேட்ட தீர்ப்பு இது. பசறைப் பக்கத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து வந்த பன்னிரண்டு இசைத்தட்டுகள். அனைத்தையும் வாங்கிக்கொண்டேன். விசாரணையின்றித் தண்டனை வழங்குவதை எதிர்த்து வாழ்நாள் முழுதும் எழுதியவன் நான்; தட்டுக்கும் அதே நியாயந்தான்.

தட்டின் நலத்தைக் கண்ணால் அறிய முடியாது. வரிப்பள்ளம் தலைமயிரின் பருமனளவே இருக்கும். அதன் அடியில் படிந்த பூஞ்சணமும் தூசியும் வெளியே தெரியா. ‘டப், டப்’ என்ற வெடிப்பொலிக்குத் தூசி காரணமாகலாம். உரத்த இடங்களில் குரலே கிழிந்தால், முதலில் விசாரிக்க வேண்டியது ஊசியை.

ஊசி தேய்ந்ததா, நுனியில் பஞ்சு திரண்டுள்ளதா என்று பாருங்கள். அடுத்தது எடை. குறைந்த எடை தட்டுக்கு நல்லது என்பது மூடநம்பிக்கை. எடை போதாத ஊசி சுவரை விட்டுத் துள்ளி, திரும்ப விழுந்து இடிக்கிறது. இன்றைய காந்த ஊசிகள் பலவற்றுக்கு ஒன்றரை முதல் 2 கிராம் வரை வேண்டும். தயாரித்தவர் குறித்த அளவே சரி. 78 சுற்றுத் தட்டுக்கு எல்பி ஊசியைப் போடுவோர் பெருங்குற்றவாளிகள். சிறிய ஊசி பள்ளத்தின் அடியில் விழுந்து குப்பையில் உழுகிறது. கடைசிப் பாட்டு மட்டும் கெட்டால் ஊசியின் கோணத்தைச் சரிபாருங்கள். 33⅓ சுற்று எல்பியின் விளிம்பில் பள்ளம் வினாடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது, உட்புறத்தில் ஏறக்குறைய 21 செ.மீ. மட்டுமே. சிறு கோணப் பிழையும் அங்கே பெரிதாகக் கேட்கும்.

இதன் பிறகே கழுவுதல். காய்ச்சி வடித்த நீர், மென்மையான சவர்க்காரம் ஒரு துளி, மிருதுவான தூரிகை, மறுபடி வெறும் நீர், அவ்வளவுதான். மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் வேண்டாம். அரக்குத் தட்டில் மதுசாரம் பட்டால் தட்டே கரையும்.

உண்மையாகவே காயம்பட்ட தட்டுகளும் உண்டு. திருவிழா ஒலிபெருக்கிக்காரர்களின் கனத்த, தேய்ந்த ஊசிகள் பள்ளச் சுவரைச் செதுக்கியிருந்தால் எந்தத் திரவமும் அதை ஆற்றாது. அப்போதும், வேறு வடிவ நுனியுள்ள ஊசி சுவரின் தேயாத பகுதியைத் தொட்டுப் பாடவைக்கக் கூடும்.

இவையொன்றையும் செய்யாமல், மலிவுப் பெட்டியில் ஓடவிட்டுக் கணினியில் ஏற்றி, “இனித் தட்டு எதற்கு?” என்பவர்களோடுதான் என் சண்டை. நீங்கள் பதிந்தது உங்கள் ஊசியின் கரகரப்பை. தட்டை எறிந்தபின் அதைத் திருத்த வழியேது?

1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவுகட்டியது. பதுளையிலிருந்து இரயிலேறியவர்கள் தகரப் பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது என்று தவித்தார்கள். நாட்கூலியில் மிச்சம்பிடித்து வாங்கிய தட்டுகளை அயல் லயத்தில் ஒப்படைத்துச் சென்றவர்களை நான் அறிவேன். அந்த மக்கள் எதைக் கேட்டு அழுதார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பதற்குத் தேயிலைக் கணக்கேடுகளில் சான்றில்லை. இந்தத் தட்டுகளில் இருக்கிறது.

பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை நூலகங்களில் ஆளுக்கொரு நல்ல ஒலிப்பெட்டியும் இருவகை ஊசியும் வைப்பது பெருஞ்செலவன்று. மனம் வேண்டும்.

நான் வாங்கிய பன்னிரண்டில் ஒன்பது தெளிவாகப் பாடுகின்றன. மற்ற மூன்றையும் எறியவில்லை. நாளை அவற்றுக்கேற்ற ஊசி கிடைக்கலாம்.