எண்ணப்படாத பறவைகள்

ஆண்டுதோறும் சனவரி இறுதியில் பிரித்தானியாவில் இலட்சக்கணக்கானோர் வீட்டுத் தோட்டத்திலோ பூங்காவிலோ ஒரு மணி நேரம் அமர்ந்து, வந்திறங்கும் பறவைகளை எண்ணிக் குறித்து அனுப்புகின்றனர். பறவைகள் பாதுகாப்புக்கான அரச சங்கம் 1979ஆம் ஆண்டில் சிறுவர்களுக்கென ஆரம்பித்த முயற்சி இது. வேலையற்றோரின் பொழுதுபோக்கென எம்மவரிற் சிலர் இதனைக் கருதக்கூடும். ஆயினும், அடைக்கலக்குருவிகளின் தொகை அன்றிலிருந்து பாதிக்கும் மேலாகக் குறைந்துவிட்டதென்பதை அந்நாட்டவர்க்கு உணர்த்தியவற்றுள் இக்கணக்கும் ஒன்றென்பதை மறுப்பதற்கில்லை.

இத்தகைய கணக்கின் தேவையை எமது தாயகத்தில் மன்னார் உணர்த்தி நிற்கின்றது. மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் வரும் பறவைகளின் வழித்தடத்தின் தென்பகுதியில் அது அமைந்துள்ளது. இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் கூடும் வங்காலை சரணாலயம் 2010ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. மன்னாரிலிருந்து புறப்படும் கடற்காகங்கள் ருசியாவின் வடதுருவக் கரைவரை செல்வதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் கருவி பொருத்திக் கண்டறிந்துள்ளனர்.

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டில் 30 காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. மேலும் 52 காற்றாலைகளை நிறுவ இந்தியாவின் அதானி குழுமம் முன்வந்தபோது, 2024இல் சூழலியல் அமைப்புகள் உயர்நீதிமன்றத்தை நாடின. பறவைகளின் வருகை போதியளவு ஆராயப்பட்டதா என்பது அவ்வழக்குகளில் எழுந்த முக்கிய வினாக்களுள் ஒன்றாகும். 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. எனினும் பிரச்சினை தீரவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் வேறு காற்றாலைத் திட்டங்களுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்களே வீதியில் இறங்கினர்.

காற்று மின்சாரத்தை நாம் எதிர்க்கவில்லை. எண்ணெயும் நிலக்கரியும் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு அது வேண்டியதே. அதனை எங்கே அமைப்பது, யாரைக் கேட்டு அமைப்பது என்பதே எமது வினா. அதேவேளை, பாதுகாப்பின் பெயரால் வரையப்பட்ட எல்லைகள் தமது வயல்களையும் மேய்ச்சல் தரைகளையும் விழுங்குவதாகப் போரின் பின்னர் வடபகுதி மக்கள் முறையிட்டதையும் மறத்தலாகாது. மக்களை வெளியே நிறுத்திவிட்டுப் பறவையைக் காப்பதும் நீதியன்று. பறவையைப் பொருட்படுத்தாது கோபுரம் எழுப்புவதும் நீதியன்று.

இரு தரப்பாருக்கும் விடையளிக்க வல்லது அவ்வூரவர் கையிலுள்ள கணக்கேயாகும். எந்தக் குளத்தில், எந்த மாதத்தில், எத்தனை பூநாரைகள் இறங்கின என்பதை ஆண்டுதோறும் எழுதிவைத்த ஊரை, வெளியிலிருந்து வரும் எந்த அறிக்கையும் எளிதில் ஏமாற்றவியலாது. எண்ணப்படாதவர்களின் இழப்பு எவ்வாறு மறுக்கப்படும் என்பதை எமது இனத்துக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

புலம்பெயர் நாடுகளிலுள்ள பழைய மாணவர் சங்கங்கள் தத்தம் பாடசாலைகளுக்குக் கட்டடமும் கணினியும் வழங்கி வருகின்றன. அவற்றோடு சில தொலைநோக்குக் கண்ணாடிகளையும் குறிப்பேடுகளையும் சேர்த்தனுப்புவது பெருஞ்செலவன்று. இங்குள்ள தமிழ்ப் பாடசாலைகள் மாணவரைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்று, பறவைகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் தமிழ்ப் பெயர் சொல்லி எண்ணப் பழக்கலாம். அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருப்போரும் இதிற் சேரலாம். பறவைகளை எண்ணுவதற்கு வதிவிட அனுமதி கேட்பார் எவருமிலர். எதிர்வரும் சனவரியிலேயே இப்பணியை ஆரம்பிக்குமாறு சங்கங்களையும் பெற்றோரையும் வேண்டுகின்றோம்.