தலைக்கு எவ்வளவு?

ஒரு மாநில அரசாங்கம் மக்களுக்கு எவ்வளவு செய்கிறது என்பதை அறிய, அதன் மொத்தச் செலவை மக்கள்தொகையால் வகுத்துப் பார்ப்பது வழக்கம். வகுத்தல் எளிது, விடைக்குப் பொருள் காண்பதே அரிது.

சிக்கிமையும் பீகாரையும் எடுத்துக்கொள்வோம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சிக்கிமில் ஏறக்குறைய 6.1 லட்சம் மக்கள், பீகாரில் 10.4 கோடி. தலைக்கு ஆகும் செலவிலோ சிக்கிம் பன்மடங்கு விஞ்சி நிற்கிறது. ஆகவே சிக்கிம் மக்கள் அத்தனை மடங்கு சுகம் பெறுகின்றனர் எனக் கொள்ளலாமா? வண்டியில் பத்துப் பேர் ஏறினும் ஆயிரம் பேர் ஏறினும் எஞ்சின் ஒன்று வேண்டும் என்பதை ரயில்வே ஊழியராகிய நாம் அறிவோம். அதுபோலவே சிறு மாநிலத்துக்கும் சட்டசபை, உயர்நீதிமன்றம், தலைமைச் செயலகம் யாவும் வேண்டும். சிக்கிமில் சுமார் 19,000 பேருக்கு ஒரு சட்டசபை உறுப்பினர், பீகாரில் 4.28 லட்சம் பேருக்கு ஒருவர். மலைப்பாதை அமைக்கவும் பணம் அதிகம் பிடிக்கும்.

பீகாரின் குறைந்த செலவுக்குக் காரணம் வறுமை. அதன் வருவாயில் பெரும்பகுதி மத்திய அரசிடமிருந்தே வருகிறது. 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்தாண்டுக்கு 15ஆவது நிதிக்குழு, மாநிலங்களின் வரிப்பங்கில் பீகாருக்கு 10.058 விழுக்காடும், மக்கள்தொகையில் ஏறக்குறைய 6 விழுக்காடு கொண்ட தமிழ்நாட்டுக்கு 4.079 விழுக்காடும் வழங்கிற்று. தமிழ்நாட்டின் மனத்தாங்கல் இயல்பே. எனினும், அத்தனை பெற்றும் பீகார் தலைக்குச் செலவிடுவது தமிழ்நாட்டைவிடக் குறைவு என்பதையும் நாம் மறத்தலாகாது.

இவ்விஷயத்தில், பிழைப்பை நாடி ஊர் மாறிய நம்மைத் தொடும் செய்தி ஒன்றுண்டு. அந்த நிதிக்குழு எடுத்துக்கொண்டது 2011ஆம் ஆண்டு மக்கள்தொகையை. அதன்பின் இடம் பெயர்ந்த குடும்பம், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் புதிய ஊரை நாடியிருந்தும், பங்கீட்டுக் கணக்கில் பழைய மாநிலத்திலேயே இருந்தது. 2021இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பும் தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1ஆம் தேதியை அடிப்படை நாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பை அரசாங்கம் அறிவித்தது.

"நமக்கு ஊர் தமிழ்நாடுதானே, இங்கே எதற்குப் பெயர்?" என்று நம் அன்பர்கள் சிலர் எண்ணுவதுண்டு. அது தகாது. உண்ணும் இடத்தில் இலை போட வேண்டுமானால், பந்தியில் நம் தலை எண்ணப்பட வேண்டும். வசிக்கும் ஊரில், வீட்டிலுள்ள குழந்தை முதல் முதியோர் வரை ஒருவரும் விடுபடாது கணக்கில் சேர்வதே நமக்கும் நன்மை, அவ்வூருக்கும் நியாயம்.