வாட் வேறு, யூனிட் வேறு

பெட்டியின் மேல் ‘போர்ட்டபிள்’ என்று அச்சடித்துவிட்டால் போதும், அதை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்ச் சமைக்கலாம் என்று நம்மவர்கள் நம்பிவிடுகிறார்கள். அடுப்பைத் தூக்கிக்கொண்டு போகலாம், நான் மறுக்கவில்லை. இரண்டு மூன்று கிலோ எடைதான். அந்த அடுப்பு தின்கிற கரண்டை யார் தூக்கிக்கொண்டு வருவது?

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. எங்கள் ஓய்வூதியர் வட்டம் தை மாதம் ஏலகிரிக்குப் போய் இரண்டு இரவு கூடாரத்தில் தங்குவதாக ஏற்பாடு. மொத்தம் 24 பேர், பாதிப்பேர் எழுபதைத் தாண்டியவர்கள். போன கூட்டத்தில், பொது நிதியிலிருந்து 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு இரண்டு, 1500 வாட் கெட்டில் ஒன்று, ‘பவர் ஸ்டேஷன்’ என்று சொல்கிற பேட்டரிப் பெட்டி ஒன்று வாங்குவதென்று தீர்மானம் வைத்து, ஐந்து நிமிஷத்தில் கைதட்டி நிறைவேற்றிவிட்டார்கள். எதிர்த்துப் பேசிய எனக்குப் ‘பழைய காலத்து ஆள்’ என்று பட்டம். பட்டம் இருக்கட்டும். அந்த நிதி ஒவ்வொருவரும் பென்ஷனிலிருந்து மாதாமாதம் கொடுத்துச் சேர்த்த பணம். மருத்துவமனையில் யாராவது படுத்தால் முதலில் கை வைப்பது அதில்தான். இன்னும் விலைப்புள்ளி கேட்கவில்லை. அதற்குள் என் ஆட்சேபணையைப் பதிவு செய்துவிடுகிறேன்.

சர்வீஸில் பாதிக்கு மேல் கொள்முதல் கோப்புகளில் குறிப்பு எழுதியே கழித்தவன் நான். ஒரு பொருளை வாங்கக் கோப்பு வந்தால், விலையைப் பார்ப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதை ஓட்ட என்ன வேண்டும், அது நம்மிடம் இருக்கிறதா? இந்தக் கேள்வியைக் கேட்காத ஓர் அலுவலகத்தில், மூன்று ஃபேஸ் கரண்ட் வேண்டிய இயந்திரத்தை ஒற்றை ஃபேஸ் கட்டடத்துக்கு வாங்கிப் போட்டார்கள். அது வருஷக்கணக்கில் தாழ்வாரத்தில் கோப்புக்கட்டு அடுக்கும் மேசையாக இருந்தது. தூசு தட்டுவதற்கு மட்டும் ஒழுங்காக ஆள் வந்தது.

பிரெஞ்சு வழியில் படித்தபோது எங்கள் பௌதிக மிசியே இரண்டு சொற்களைப் போட்டுக் குழப்பினால் காதைத் திருகுவார். ஒன்று புயிசான்ஸ், இன்னொன்று எனெர்ழி. தமிழில் திறன், ஆற்றல் என்பார்கள். நம் பாஷையில் சொன்னால், வாட் என்பது அடுப்பு எவ்வளவு வேகமாகத் தின்கிறது என்ற கணக்கு. யூனிட் என்பது மொத்தம் எவ்வளவு தின்றது என்ற கணக்கு. கரண்ட் பில்லில் வருவது யூனிட். 1000 வாட் அடுப்பு ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். கடைக்காரரும் விளம்பரமும் பேசுவது வாட்டை மட்டும். வெளியிடத்தில் உங்களை மாட்டிவைப்பது யூனிட்.

ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க, எந்த அடுப்பானாலும் எந்தக் கம்பெனியானாலும், சுமார் 80 வாட்-மணி வேண்டும். பாத்திரம் சூடாவது, காற்றில் போவது எல்லாம் சேர்த்து 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். இது இயற்கையின் கட்டணம், இதில் தள்ளுபடி கிடையாது. பேரன்கள் பையில் வைத்திருக்கிற 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் இருக்கிறதே, அதற்குள் இருப்பது மொத்தம் 74 வாட்-மணி. அதை முழுவதும் காலி செய்தாலும் ஒரு லிட்டர் வெந்நீர் வராது.

இப்போது 24 பேருக்கு ஒருவேளைச் சமையலுக்கு வருவோம். டீக்கு 3 லிட்டர் என்றால் கால் யூனிட்டுக்கு மேல். இரண்டரைக் கிலோ அரிசி வேக ஒரு யூனிட்டுக்குக் குறையாது. சாம்பார், பருப்பு வேகவைப்பதோடு சேர்த்து இன்னொரு முக்கால் யூனிட். பொரியலையும் அப்பளத்தையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஆக ஒருவேளைக்கு 2 யூனிட்டுக்கு மேல், இரண்டரை என்று வையுங்கள். தீர்மானத்தில் வாங்கச் சொன்ன பேட்டரிப் பெட்டி ஒரு யூனிட் பெட்டி. எடை 10 முதல் 14 கிலோ, விலை அரை லட்சத்தைத் தாண்டும். அதிலும் உள்ளே மாற்றும்போது கொஞ்சம் போய் 85 சதவீதம்போலத்தான் கைக்கு வரும். மதியச் சாப்பாடு ஒன்றுக்கே இப்படி மூன்று பெட்டி வேண்டும். ராத்திரி டிபனுக்கு? மறுநாள் காலைக் காப்பிக்கு? “சோலார் பேனல் வைத்து ஏற்றிக்கொள்ளலாம் சார்” என்றார் ஒருவர். 100 வாட் பேனல் நல்ல வெயிலில் ஐந்து மணி நேரம் உழைத்தால் 350 வாட்-மணி தரும். மூன்று லிட்டர் வெந்நீர். தை மாதம் ஏலகிரியில் மேகம் போட்டால் அதுவும் இல்லை.

இரண்டரை யூனிட் சூட்டைப் பாத்திரத்துக்குக் கொடுக்க, சாதாரண கேஸ் அடுப்பில் வீணாவதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் ஏறக்குறைய 350 கிராம் கேஸ் போதும். ஒரு பக்கம் முப்பது நாற்பது கிலோ பேட்டரி, இன்னொரு பக்கம் 350 கிராம். இதைக் கூட்டத்தில் சொன்னபோது யாரும் கணக்கைத் தப்பென்று சொல்லவில்லை. “காலம் மாறிப்போச்சு” என்றார்கள். தண்ணீர் கொதிக்கிற கணக்கு மாறவில்லையே!

வேன் பேட்டரியில் இன்வெர்ட்டர் வைத்து ஓட்டலாம் என்பது அடுத்த யோசனை. வண்டியில் சிகரெட் லைட்டர் துளை இருக்கிறதே, அதன் ஃபியூஸ் 10 அல்லது 15 ஆம்பியர். 12 வோல்ட்டில் அதிகபட்சம் 180 வாட். அதில் சொருகும் சின்னக் கெட்டிலில் ஒரு லிட்டர் கொதிக்க முக்கால் மணி நேரம் ஆகும். 1500 வாட் கெட்டிலை அந்தப் பேட்டரியில் நேரடியாக ஓட்டினால் 125 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். டீ குடித்து முடித்ததும் 24 கிழவர்களும் இறங்கி வேனைத் தள்ள வேண்டியதுதான்.

கூடாரம் போடுகிற இடத்தில் பிளக் இருக்கும் என்பதுதான் எல்லோருடைய கடைசி நம்பிக்கை. நான் அந்த இடத்துக்காரருக்குப் போன் போட்டே கேட்டுவிட்டேன். கூடாரத்துக்கு ஒரு எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜ் செய்ய ஒரு பாயிண்ட். சாப்பாட்டுக் கொட்டகையில் 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்றே ஒன்று. இரண்டு இண்டக்‌ஷன் அடுப்பும் சேர்ந்து 17 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், கெட்டிலையும் போட்டால் 24 ஆகும். ஒன்றை எரியவிட்டு மற்றதை வேடிக்கை பார்க்கலாம். நீள ஒயரில் கூடாரத்துப் பாயிண்டிலிருந்து இழுத்துக்கொள்ளலாம் என்றால், வீட்டுச் சின்ன பிளக் 6 ஆம்பியர்தான் தாங்கும், 1380 வாட். செல்போனுக்கு விட்ட மெல்லிய ஒயரில் அதுவும் தாங்காது. ஒயர் சுருளைப் பிரிக்காமல் அப்படியே வைத்து அடுப்பு எரித்தால் சுருளே சூடேறி உருகும். பனி விழுந்த புல், எர்த் இல்லாத இணைப்பு, செருப்பில்லாத கால் என்று மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

வழியில் ஏதாவது பம்புசெட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றும் ஒரு குரல் வந்தது. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் பேசுகிற பேச்சா இது? எதற்கென்று இணைப்புக் கொடுத்தார்களோ அதை விட்டு வேறு வேலைக்கு அந்தக் கரண்டை எடுப்பதும் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 135-ஆம் பிரிவில் திருட்டுத்தான். மூன்று வருஷம் வரை சிறை உண்டு. தோட்டக்காரர் நல்ல மனசோடு கொடுப்பார், மாட்டிக்கொள்வதும் அவர்தான்.

பிரான்ஸில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வந்தவர்கள் நம் வட்டத்தில் நாலைந்து பேர் உண்டு. “அங்கே எல்லோரும் கேம்பிங்கில் எலெக்ட்ரிக்கில்தான் சமைக்கிறார்கள்” என்று சாட்சி சொன்னவர்கள் அவர்கள்தான். சாட்சி பொய்யில்லை, பாதி. அங்கே கேம்பிங் மைதானத்தில் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே மின்கம்பம்போல ஒரு பெட்டி நட்டிருப்பார்கள், அதற்குத் தனி வாடகை. அதிலும் 6 ஆம்பியர் வேண்டுமா 10 ஆம்பியர் வேண்டுமா என்று கேட்டுத்தான் இடம் கொடுப்பார்கள். 6 ஆம்பியர் எடுத்தவர் 2000 வாட் கெட்டிலைப் போட்டால் டப்பென்று விழுந்துவிடும். அதனால் அந்த ஊர்க்காரர்கள் கேம்பிங்குக்கென்று குறைந்த வாட் கெட்டிலாகப் பார்த்து வாங்குகிறார்கள். தெற்குப் பிரான்ஸில் கோடையில் காட்டுத்தீ பயம். மார்செய் பக்கத்தில் காட்டுக்குள்ளேயும் காட்டிலிருந்து 200 மீட்டர் தூரம் வரையிலும் தீ மூட்டக் கூடாது என்று ஜூன் முதல் செப்டம்பர் வரை உத்தரவே உண்டு. அங்கே மின்சார அடுப்புக்குக் காரணம் இருக்கிறது, கம்பமும் இருக்கிறது. நாம் அடுப்பை மட்டும் காப்பியடிக்கிறோம், கம்பத்தை விட்டுவிட்டு.

கேஸ் ஆபத்து என்று சொன்னவர்களுக்கு மதுரையை நினைவுபடுத்த வேண்டியதில்லை, அவர்களே நினைவுபடுத்தினார்கள். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் லக்னோவிலிருந்து வந்த சுற்றுலாப் பெட்டி மதுரையில் நின்றிருந்தபோது தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கேஸ் சிலிண்டர் வைத்திருந்தார்கள். அந்தப் பாடம் மூடிய பெட்டிக்குள் சமைக்காதே என்பது. ரயில் பிளக்கில் கெட்டில் போடுவதற்கும் அதே தடைதான், அது செல்போனுக்கு விட்ட பிளக். நாமும் சிலிண்டரை வேனில் ஏற்ற வேண்டாம், கூடாரத்துக்குள் எந்த அடுப்பையும் பற்றவைக்கவும் வேண்டாம். ஏலகிரி இடத்துக்காரர் திறந்த கொட்டகையில் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் நாள் வாடகைக்குத் தருகிறார். போனில் இதைக் கேட்கவும் இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று.

இன்னும் இரண்டு விஷயம் தீர்மானத்தில் யாரும் யோசிக்காதவை. நம் வட்டத்துக் குண்டான், அண்டா எல்லாம் அலுமினியம், ஒரு பித்தளை உருளியும் உண்டு. இவை எதுவும் இண்டக்‌ஷனில் சூடாகாது. காந்தம் ஒட்டாத பாத்திரம் அதில் ஆகாது, எவர்சில்வரிலும் சிலது ஒட்டாது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிற காந்தப் பொம்மையை எடுத்து அடியில் வைத்துப் பாருங்கள். அடுப்பு இரண்டு வாங்கினால் பாத்திரமும் புதிதாக ஒரு செட் வாங்க வேண்டும், அந்தச் செலவு தீர்மானத்தில் இல்லை. அடுத்தது அதைவிடப் பெரிது. நம்மில் இரண்டு பேருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர். எரிகிற இண்டக்‌ஷன் அடுப்புக்கும் பேஸ்மேக்கருக்கும் நடுவில் இரண்டடி தூரமாவது இருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். இரண்டு பேரில் ஒருவர்தான் நமக்கு எப்போதும் சாம்பார் வைப்பவர்.

சரி, வெளியிடத்துக்கு மின்சாதனமே வேண்டாமா என்றால், வேண்டும். பிரெஞ்சில் கேம்பிங் அடுப்புக்கு ‘ரெஷோ’ என்று பெயர். திரும்பச் சூடு பண்ணுவது என்ற சொல்லிலிருந்து வந்தது. என்னைக் கேட்டால் வெளியிடத்தில் மின்சாரத்துக்கு ஏற்ற வேலை அந்த ஒன்றுதான். வீட்டில் சமைத்ததைச் சூடாக வைத்திருக்கவும், சூடு பண்ணவும் கொஞ்சம் கரண்ட் போதும். காரில் சொருகும் 40, 45 வாட் சாப்பாட்டு டப்பா முக்கால் மணி நேரத்தில் ஒருவர் சாப்பாட்டைச் சூடாக்கிக் கொடுத்துவிடும், வண்டி ஃபியூஸும் தாங்கும். சர்க்கரை வியாதிக்காரர் நேரத்துக்குச் சாப்பிட இது உண்மையிலேயே உதவும். தனியாக இரண்டு பேர் பயணம் போனால் ஒரு லிட்டர் ரைஸ் குக்கர், 400 வாட்போல. கால் கிலோ அரிசிக்கு 200 வாட்-மணிக்குள் முடிந்துவிடும், அறையில் இருக்கிற எந்த பிளக்கும் தாங்கும். விடுதிக்காரரிடம் மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள், பல இடத்தில் அனுமதிப்பதில்லை.

ஏலகிரிக்கு என் யோசனை இது. முதல் நாள் மதியத்துக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் வீட்டிலிருந்து. டீக்குப் பெரிய ஃபிளாஸ்க் நாலு. மற்ற வேளைக்கு அங்கே வாடகை கேஸ் அடுப்பு. கொட்டகையின் ஒற்றைப் பாயிண்டுக்கு நிதியிலிருந்து ஒரே ஒரு கெட்டில் வாங்குங்கள், ஒன்றரை லிட்டர், 1000 வாட்டுக்குள். ராத்திரி மாத்திரை போட வெந்நீர் கேட்கிறவர்கள் நம்மில் பத்துப் பேராவது இருப்பார்கள். எவர்சில்வர் உடம்பாக இருந்தால் மூன்று முள் பிளக்கா என்று பாருங்கள். இரண்டு முள் பிளக்கைக் காட்டி “இதுவும் போதும் சார்” என்று சொல்கிற கடையில் வாங்க வேண்டாம்.