213-ஆவது பெயர்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது முதுமொழி. அதை மறுக்கும் துணிவு நமக்கில்லை. ஆனால் முளையைப் பார்ப்பவரின் கண்ணும் நன்றாக இருக்க வேண்டுமே என்றுதான் கேட்கிறோம். வகுப்பில் ரேங்க் வாசிக்கிறார்கள், விளையாட்டு அணிக்குப் பெயர் எடுக்கிறார்கள், பாட்டுக் குழுவுக்குக் குரல் பார்க்கிறார்கள். பட்டியல் வாசிக்கப்படும்போது தன் பெயர் வருமா வராதா என்று கைவிரல்களைப் பிணைத்துக்கொண்டு நின்ற அனுபவம் நம் எல்லாருக்கும் உண்டு. அப்படி நின்று, வெகு நேரம் கழித்து அழைக்கப்பட்ட ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறோம். அவர் அமெரிக்கர். பெயர் டொனால்டு டிரைவர். பெயர்தான் டிரைவர், தொழில் பந்து பிடிப்பது.

அமெரிக்கக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அன்று. பெயரில்தான் கால் இருக்கிறது; வேலையெல்லாம் கைக்குத்தான். பக்கத்துக்குப் பதினொரு பேர். மைதானம் 100 கெஜ நீளம். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நான்கு முயற்சி, இல்லையேல் பந்து எதிரிக்கு. பந்தை எறியும் தலைவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். எறிந்த பந்தை ஓடிப் பிடிக்கிறவர் வைட் ரிசீவர். பிடித்த அந்தக் கணத்திலேயே தன்னைவிடப் பருத்த ஆட்கள் இருவரோ மூவரோ வந்து மோதித் தரையில் சாய்ப்பார்கள் என்று தெரிந்தும், கண்ணைப் பந்திலிருந்து எடுக்காமல் இருப்பதுதான் அவர் தொழில். தலையில் இரும்புக் குல்லாய் போன்ற கவசம் உண்டு. இருந்தாலும் ஓயாத மோதலால் மூளைக்குக் கேடு வருகிறது. இந்த உண்மையை 2016-இல் கழகத்தின் அதிகாரி ஒருவரே அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். ஆகவே இந்த விளையாட்டை நம் பள்ளியில் தொடங்க வேண்டும் என்று நாம் வாதாடவில்லை. பெற்றோர் அஞ்ச வேண்டாம்.

அங்கே ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. டிராப்ட் என்று அதற்குப் பெயர். ஒவ்வோர் அணியும் மாறி மாறி ஒரு பெயரைச் சொல்லும். இப்படி ஏழு சுற்று. 1999 ஏப்ரலில் இரண்டு நாள் நடந்த டிராப்டில் 253 பெயர்கள் வாசிக்கப்பட்டன. முதற்பெயர் டிம் கவுச். நாடே அவர் பெயரைத் தெரிந்து வைத்திருந்தது. டிரைவரின் பெயர் 213-ஆவது. ஏழாம் சுற்று, அதாவது கடைசிச் சுற்று. அழைத்தது விஸ்கான்சின் மாநிலத்துக் கிரீன் பே பேக்கர்ஸ் அணி.

அவ்வளவு பின்னால் தள்ளப்பட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவர் படித்தது மிசிசிப்பியில் உள்ள ஆல்கார்ன் ஸ்டேட் பல்கலைக்கழகம். 1871-இல் கறுப்பின மக்களுக்கென்று தொடங்கப்பட்ட, பெருமை மிக்க, ஆனால் தொலைக்காட்சிப் புகழ் இல்லாத நிறுவனம். அங்கே அவர் உயரம் தாண்டுவதிலும் பேர்போனவர். ஏழடிக்கு மேல் இருந்த கம்பத்தையும் தாண்டியவர். தாண்டத் தெரியும், ஓடத் தெரியும், பந்து பிடிக்கும் நுணுக்கம் இன்னும் கைவரவில்லை என்பதே பார்த்தவர்களின் கணக்கு. அன்றைய தினத்துக்கு அந்தக் கணக்கு தவறென்றும் சொல்வதற்கில்லை.

அதற்கு முந்திய கதையைச் சொன்னால்தான் 213 என்னும் எண்ணே எவ்வளவு பெரிய உயரம் என்பது விளங்கும். 1975-இல் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் பிறந்தார். வறுமை. தாயும் பிள்ளைகளும் தங்க வீடின்றி, வீட்டுச் சாமான் ஏற்றிச் செல்லும் வாடகை டிரெய்லர் வண்டிக்குள் உறங்கிய காலமும் உண்டு. சிறுவனாக இருந்தபோதே கார் திருடினார்; போதைப்பொருளும் விற்றார். இவற்றை அவரே பின்னாளில் மறைக்காமல் சொன்னார்.

ஒரு நாள் திருடிய காரில் போலீசுக்குத் தப்பி ஓடும்போது, வீட்டு வாசலிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டியின் கார்மேல் மோதிவிட்டார். அந்த அம்மாள் கூச்சலிடவில்லை. பையனைத் தம் வீட்டு முகப்பில் போய் உட்காரச் சொன்னார். போலீசார் வந்து கேட்டபோது, திருடன் ஓடிவிட்டான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு பையனிடம், இந்த வாழ்க்கையை விட்டுவிடு என்று சொன்னாராம். அந்த அம்மாள் செய்தது பொய்யா, இரக்கமா? மறைக்கல்வி வகுப்பில் இதைக் கேட்டால் ஒரு மணி நேரம் போதாது என்பது நம் எண்ணம். பொய் பொய்தான் என்று நம்முள் சிலர் சொல்கிறோம். சிறைக்குப் போயிருந்தால் அந்தப் பையன் எங்கே போயிருப்பான் என்று மற்றவர்கள் கேட்கிறோம். இன்னும் தீர்ப்பு ஆகவில்லை. ஆனால் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு பையனின் பெயரை முதலில் அழைத்தவர் அந்த அம்மாள்தான் என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை.

இனி, இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒன்றை நாம் செய்யப் போவதில்லை. ஏழாம் சுற்றில் வந்தார், பிறகு பெரும் புகழ் பெற்றார் என்று ஒரே மூச்சில் சொல்லிக் கைதட்டிவிடுவார்கள். இடையில் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. அவற்றைத்தான் நாம் கவனித்துப் பார்க்க வேண்டும்.

1999-ஆம் ஆண்டுப் பருவம் முழுவதிலும் அவர் பிடித்த பந்துகள் 3. மறு ஆண்டு 21. அதற்கும் மறு ஆண்டு 13. ஆக மூன்று ஆண்டுகளில் 37! புகழ் பெற்ற ஒருவர் ஐந்தாறு ஆட்டங்களில் பிடித்துவிடும் அளவு அது. மூன்றாம் ஆண்டு இரண்டாம் ஆண்டைவிடக் குறைந்துபோனதையும் பாருங்கள். முன்னேற்றம் என்றால் படிக்கட்டுப்போல ஏறிக்கொண்டே போக வேண்டும் என்று மதிப்பெண் பட்டியல் நம்மைப் பழக்கியிருக்கிறது. 21-க்குப் பிறகு 13 எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் அப்பா என்ன சொல்வார் என்று நமக்குத் தெரியும்.

கடைசிச் சுற்றில் வந்தவனின் வாழ்க்கை அங்கே எளிதன்று. கோடைப் பயிற்சிக்கு ஏறத்தாழ 90 பேர் வருவார்கள். பருவம் தொடங்கும்போது 53 பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒப்பந்தத்தில் கையெழுத்து இருந்தாலும் அது காப்பாற்றாது. முதற்சுற்றில் வந்தவன் ஒரு நாள் சரியாக ஆடாவிட்டால், பணம் கொட்டி எடுத்தவனாயிற்றே என்று பொறுப்பார்கள். கடைசிச் சுற்றுக்காரன் தவறவிட்டால் அதே பந்து அவன் பெயரையும் கூட்டிக்கொண்டு போய்விடும். ஆட்டக்காரர் ஒருவரின் தொழில் வாழ்வு சராசரியாக மூன்று ஆண்டு சொச்சந்தான் என்று வீரர்களின் சங்கம் கணக்குச் சொல்லியிருக்கிறது. அந்தச் சராசரி ஆயுளை முழுதும் டிரைவர் பின்வரிசையிலேயே கழித்துவிட்டார். மூத்த ஆட்டக்காரர்கள் முன்னால் நின்றார்கள். இவர் பயிற்சிக்கு வந்தார், காத்திருந்தார், மறுநாளும் வந்தார்.

கிரீன் பேயில் ஓர் அழகான வழக்கம் உண்டு. கோடைப் பயிற்சிக் காலத்தில் ஊர்ப் பிள்ளைகள் தங்கள் சைக்கிள்களோடு வந்து வரிசையாக நிற்பார்கள். ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் இடத்திலிருந்து பயிற்சித் திடலுக்கு அந்தச் சின்னஞ்சிறு சைக்கிள்களில் ஏறி மிதித்துப் போவார்கள். பிள்ளைகள் தலைக்கவசத்தைச் சுமந்துகொண்டு கூடவே ஓடுவார்கள். முழங்கால் தாடையில் இடிக்க ஒரு ராட்சதன் சைக்கிள் மிதிப்பதை எண்ணிப் பார்த்தாலே சிரிப்பு வருகிறது. அந்த ஊரில் இருப்பது ஏறக்குறைய ஒரு லட்சம் பேர்தான். அணி எந்தப் பணக்காரரின் சொத்தும் அன்று. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்களுக்குச் சொந்தம். லாபப் பங்கு ஒரு காசும் கிடையாது. ஊரே வைத்து நடத்தும் அணியாக இருந்ததால்தான் மூன்றாண்டு பொறுத்தார்கள் என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது. ஆனால் அங்கேயும் ஆட்களைக் கழித்துக்கட்டத்தான் செய்கிறார்கள். பொறுத்தார்கள் என்பது மட்டும் உண்மை.

2002-இல் அன்டோனியோ ஃப்ரீமன் என்னும் மூத்தவர் அணியை விட்டுப் போனார். இடம் ஒன்று காலியாயிற்று. அந்த ஒரே பருவத்தில் டிரைவர் 70 பந்துகளைப் பிடித்து 1,064 கெஜம் சேர்த்தார்! மூன்று ஆண்டுச் சேமிப்பு ஒரே ஆண்டில் வெளிப்பட்டது. அதன்பின் 2004 முதல் 2009 வரை ஆறு பருவங்கள் தொடர்ந்து ஆயிரம் கெஜத்தைக் கடந்தார். பிரெட் ஃபார்வ் எறிந்தபோதும் பிடித்தார். அவர் போய் ஆரன் ராஜர்ஸ் வந்து எறிந்தபோதும் பிடித்தார். 2010 டிசம்பரில், வயது 35 ஆகியிருந்த நிலையில், சான் பிரான்சிஸ்கோ அணிக்கெதிராகப் பந்தைப் பிடித்து, தம்மைச் சாய்க்க வந்தவர்களை ஒருவர்பின் ஒருவராக உதறிக்கொண்டு 61 கெஜம் ஓடி எல்லையைக் கடந்தார். 2012-இல் தொலைக்காட்சி நடனப் போட்டியில் வென்றதையும் சொல்லாவிட்டால் நம் தோழியரில் சிலர் கோபித்துக்கொள்வர்.

அணிக்கு மகுடம் கிடைத்த நாள் 2011 பிப்ரவரி 6. இறுதிப் போட்டி டிரைவரின் சொந்த மாநிலமான டெக்சாசிலேயே நடந்தது. கிரீன் பே 31, பிட்ஸ்பர்க் 25. ஆனால் டிரைவர் இரண்டே பந்து பிடித்த நிலையில் கணுக்காலில் அடிபட்டு, இரண்டாம் பகுதி முழுவதும் வெளியே இருந்தார். பன்னிரண்டு ஆண்டு காத்திருந்த நாளில் பாதிக்கு மேல் பார்வையாளர்! வெற்றிக் கோப்பை அவருக்கும் உரியதுதான், ஐயமில்லை. ஆயினும் அந்த நாளை நினைக்கும்போது நமக்கு அவர்மேல் பிரியம் இன்னும் கூடுகிறது.

இங்கே சிலர் திராட்சைத் தோட்ட உவமையை நினைவூட்டுவார்கள். மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் முழுக் கூலி கிடைத்ததல்லவா என்பார்கள். உவமை உயர்ந்தது, ஆனால் இங்கே பொருந்தாது என்பதே நம் கட்சி. அந்த வேலையாள் கடைசியில் அழைக்கப்பட்டான், சிறிது நேரமே உழைத்தான், தலைவரின் தாராளத்தால் முழுக் கூலி பெற்றான். டிரைவரோ கடைசியில் அழைக்கப்பட்டு, முதலில் வந்தவர்களைவிட அதிக நேரம் வெயிலில் நின்றவர். டிம் கவுச் ஐந்து பருவங்கள்தான் ஆட முடிந்தது. அதைக் கேலியாகச் சொல்லவில்லை. புதிதாகத் திரட்டிய பலவீனமான அணியில் சேர்க்கப்பட்டு அடிமேல் அடி வாங்கியவர் அவர், பாவம். முதற்பெயராக இருப்பதும் சுகமில்லை.

உழைத்தால் எல்லாரும் டிரைவர் ஆகலாம் என்றும் நாம் சொல்லவில்லை. அது உண்மையன்று. ஏழாம் சுற்றில் அழைக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாமலே வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களும் விடியற்காலையில் எழுந்து ஓடியவர்கள்தாம். நாம் சொல்வது வேறு. பட்டியல் போடுவது தேவை. எறிபந்து அணியில் ஐம்பது பேரை இறக்க முடியாது. ஆனால் பட்டியல் என்பது ஒரு நாளில் ஒருவர் செய்த ஊகம். 1992 வரை அந்த டிராப்ட் பன்னிரண்டு சுற்றுகளாக இருந்தது. 1994 முதல் ஏழாயிற்று. இன்னும் ஒரு சுற்றைக் குறைத்திருந்தால் 1999-இல் இந்தப் பெயர் வாசிக்கப்பட்டிருக்காது. வாசித்த பிறகும் 37 பந்துகளைப் பார்த்துவிட்டுக் கணக்கை முடித்திருந்தால், பின்வந்த 706 பந்துகள் இல்லை. கடைசிப் பெயருக்கு இடம் வைப்பது ஒரு வேலை. வைத்த பிறகு அவளை மரத்தடியில் பந்து பொறுக்க விடாமல் கூடச் சேர்த்துப் பயிற்றுவது இன்னொரு வேலை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறப்பதுதான் எங்கும் நடக்கிறது.

டிரைவர் 2013 பிப்ரவரியில் லாம்போ மைதானத்தில் மக்கள் முன்னிலையில் விடைபெற்றார். பதினான்கு பருவம், ஒரே அணி, 743 பந்துகள், 10,137 கெஜம். நம் கணக்கில் ஒன்பது கிலோமீட்டருக்கும் மேல். பந்து பிடித்த எண்ணிக்கையிலும் சேர்த்த கெஜத்திலும், 1919-இல் தொடங்கிய அந்த அணியில் அதுவரை எவரும் அவ்வளவு செய்ததில்லை. வீடற்ற குடும்பங்களுக்கு உதவ அவர் ஓர் அறக்கட்டளையும் நடத்தியவர். கிரீன் பே நகரில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

வரும் ஜூனில் நம் பள்ளியின் எறிபந்து, கோ-கோ அணிகளுக்குப் பெயர் எடுப்பார்கள். அந்தப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டும்போது பசை சற்றுக் குறைவாகத் தடவும்படியும், செப்டம்பர் விடுமுறைக்குப் பிறகு அதை எடுத்து மறுபடி ஒருமுறை பார்க்கும்படியும் உடற்கல்வி ஆசிரியையிடம் கேட்பதாக இருக்கிறோம்.