பெயிண்டுக்கு அடியில் துரு தூங்குவதில்லை

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய ஜீப் ஒன்று நிற்கிறதா? கதவுக்குக் கீழே பெயிண்ட் கொப்புளம்போல் வீங்கினால் பெரும்பாலோர் என்ன செய்கிறார்கள்? மேலாகச் சுரண்டி, புட்டி வைத்து, அதே நிறப் பெயிண்டைப் பூசிவிடுகிறார்கள். இது துருவை நீக்குவதல்ல, மறைப்பது என்பதே என் கருத்து.

மூவாரில் என் மாமாவின் ஜீப்புக்கும் இதுதான் நடந்தது. தீபாவளிக்கு முன்பு ஒரு பட்டறையில் கொடுத்துப் புட்டி பூசி வாங்கினோம். புதுசுபோல் மின்னியது. அடுத்த தீபாவளி வருவதற்குள் அதே இடத்தில் மீண்டும் கொப்புளம். ஸ்குரூ டிரைவரால் மெதுவாகத் தட்டிப் பார்த்தேன். முனை உள்ளே போய்விட்டது. அங்கே தகடே இல்லை. புட்டி மட்டும்தான் இருந்தது.

காரணம் என்ன? கதவுக்குக் கீழே ஓடும் சட்டம் உள்ளே வெற்றிடமான ஒரு பெட்டி. அதன் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. செம்பனைத் தோட்டத்துச் சேறு அவற்றை அடைத்துவிட்டால் நீர் உள்ளேயே தேங்கும். ஆகவே, துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வாகனத் தகட்டின் தடிப்பு பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. துருவோ, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயிண்ட் வீங்குகிறது. கொப்புளத்தை நீங்கள் பார்க்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் தேவை என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். ஆனால், அந்த நீர் எங்கே தேங்குகிறது என்று கேட்பதில்லை. துரு ஒரு சிறிய மின்கலம் போன்றது. தகட்டின் ஓரிடத்தில் இரும்பு எலெக்ட்ரான்களை இழந்து கரைகிறது. இன்னோர் இடத்தில் ஆக்சிஜன் அவற்றைப் பெற்றுக்கொள்கிறது. நடுவில் உள்ள ஈரம் சுற்றை முழுமையாக்குகிறது. உப்பு கலந்த நீர் மின்சாரத்தை இன்னும் நன்றாகக் கடத்தும். ஆறு கடலோடு சேரும் ஊர் நமது. தஞ்சோங் எமாஸ் பக்கம் வீசும் காற்றிலும் உப்பு இருக்கிறது.

கேமரன் மலைக்குச் சுற்றுலா போனவர்கள் காய்கறி ஏற்றிச் செல்லும் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்த்திருப்பீர்கள். 1948இல் இந்த வாகனம் அறிமுகமானபோது பிரிட்டனில் எஃகுத் தட்டுப்பாடு. அதனால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அலுமினியம் செந்துரு பிடிக்காது. ஆனால், அடியில் தாங்கும் சேசிஸ் எஃகுதான், அது துருப்பிடிக்கும். உடல் நன்றாக இருப்பதைப் பார்த்து அடிச்சட்டத்தைச் சோதிக்காமல் விடுவதும் ஒருவகையில் புட்டி வைப்பதுதான்.

சரி, எப்படிச் செய்வது? முதலில் துளைகளின் அடைப்பை எடுத்து நீரை வடியவிடுங்கள். பிறகு கம்பித் தூரிகை, மணல்தாள் கொண்டு பளபளப்பான உலோகம் தெரியும்வரை தேயுங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். சுத்தமான உலோகத்தின்மேல் துத்தநாகப் பிரைமர் பூசி, பிறகு பெயிண்ட் அடியுங்கள். தேய்க்க முடியாத குழிகளுக்குப் பாஸ்பாரிக் அமிலம் உள்ள துரு மாற்றி உதவும். ஆனால், அதன்மேல் எந்தப் பிரைமர் ஒட்டும் என்பதை டப்பாவில் படித்துவிட்டுப் பூசுங்கள். கடைசியாகச் சட்டத்தின் உள்ளே மெழுகுக் கலவையைத் தெளிக்க வேண்டும். அதை மறந்தால் இத்தனை உழைப்பும் வீண்.

துத்தநாகம் ஏன்? ஆய்வுக்கூடத்தில் இரும்பு ஆணியில் செம்புக் கம்பியைச் சுற்றினால் துரு வேகமாகும். மெக்னீசியத்தைச் சுற்றினால் ஆணி தப்பிக்கும். இரும்பைவிட எளிதில் எலெக்ட்ரானை இழக்கும் உலோகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. துத்தநாகமும் அந்த வகைதான்.

தகட்டில் ஓட்டை விழுந்திருந்தால் புட்டியால் அடைக்காதீர்கள். நல்ல உலோகம் வரும்வரை வெட்டி எடுத்து, புதுத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும். அது பயிற்சி பெற்றவர் செய்யும் வேலை. சேசிஸும் இருக்கைப் பட்டை பொருத்திய இடங்களும் அப்படித்தான்.

“பழைய வண்டிக்கு இவ்வளவு செலவா?” என்று மாமாவும் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால், அந்தச் சட்டம் வெறும் அழகுக்கு இல்லை. பக்கவாட்டில் இன்னொரு வாகனம் மோதினால் உள்ளே இருப்பவர்களைக் காக்க வேண்டிய பாகங்களில் அதுவும் ஒன்று. புட்டி அந்த வேலையைச் செய்யாது. செலவு செய்ய முடியாவிட்டால் அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றாமல் இருப்பதே நேர்மை. மாமா கடைசியில் தகட்டை மாற்றினார்.

இந்த வாரக் கடைசியில் உங்கள் வீட்டு வாகனத்தின் கதவுக்குக் கீழே குனிந்து பாருங்கள். நீர் வடியும் துளைகள் எத்தனை, அவற்றில் எத்தனை அடைத்திருக்கின்றன என்று எண்ணுங்கள். பாடநூலில் படித்த துரு அங்கே இருக்கலாம்.