நம் கடையில் வாங்குவார்களா?

போன மாதம் எங்கள் தெருத் தங்கை ஒருத்தி ஒரு நோட்டோடு வந்தாள். பட்டம் முடித்து, மறைமலை நகரில் ஒப்பந்த வேலை பார்த்துச் சலித்தவள். மாமல்லபுரத்தில் தள்ளுவண்டி போட்டுச் சோறும் மீன் வறுவலும் விற்க வேண்டும் என்பது அவள் ஆசை. அரிசி, எண்ணெய், கேஸ், வண்டி வாடகை என்று கணக்கெல்லாம் சரியாகவே எழுதியிருந்தாள். நோட்டை மூடிவிட்டுக் கேட்டாள்: "அக்கா, நாம ஆக்குனா அவங்க வாங்கிச் சாப்பிடுவாங்களா?"

சிறுதொழில் குறித்து ஆய்வு செய்கிறேன். தொழில் தொடங்குவோருக்கான கையேடுகள் நிறையப் படித்திருக்கிறேன். துணிந்து இறங்கு, உழை, தரத்தை விடாதே என்று எல்லாம் சொல்கின்றன. இந்தக் கேள்வி மட்டும் எதிலும் இல்லை.

என் அம்மா பஸ் நிறுத்தத்தில் இட்லிக் கடை போட்டவர். "எந்தத் தெரும்மா நீ?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் மறுநாள் வரவில்லை. நான்கே மாதத்தில் இட்லிக் குண்டான் வீட்டுக்குத் திரும்பியது. "எனக்கு யாவாரம் வராது" என்றே அம்மா பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். கடை போனதைவிட அந்தச் சொல்தான் எனக்கு வலிக்கிறது. தோற்றது அவருடைய கை அல்ல.

கொலம்பியாவில் பொருளாதாரம் படித்துத் திரும்பிய அம்பேத்கர் பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். அவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினார்கள். தொழில் நின்றது. அவருக்கா திறமை குறைவு?

ஆகவே தங்கைக்கு நான் சொன்ன முதல் பதில் இதுதான்: சிலர் வாங்க மாட்டார்கள். அதையும் கணக்கில் எழுதிக்கொள். உன் குறையாக மட்டும் எழுதாதே.

ஆதிக்க சாதிக்காரர் கடை திறந்தால் மாமா ஜாமீன் போடுகிறார், மண்டிக்காரர் கடனுக்குச் சரக்கு தருகிறார். சாதியே அவர்களுக்கு முதல். நமக்கு முதலாக இருந்திருக்க வேண்டியது நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் தந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் பஞ்சமி நிலங்களுக்கு வழி பிறந்தது. அவற்றில் பெரும்பகுதி கைமாறிப் போனது. காரணையில் அதை மீட்கப் போராடியபோது 1994-இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள். வங்கியில் "ஈடு என்ன இருக்கு?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நிலம்தான் நினைவுக்கு வருகிறது.

அவர்களுக்குச் சொந்தபந்தம் செய்வதை நமக்குக் காகிதமும் சங்கமும்தான் செய்ய வேண்டும்.

முதலில் காகிதம். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடித்துச் சான்றிதழ் வழங்கும்வரை ஏற்கனவே கடை போட்டிருப்பவரை அப்புறப்படுத்தக் கூடாது. பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் தர வேண்டும். கட்டணம் கட்டிக் கேட்டால் அழுகும் பொருளை அன்றே, மற்றதை 2 வேலை நாளில் திருப்பித் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும். புதிதாக வருபவர் அந்தக் குழு வழியாகத்தான் சான்றிதழ் பெற வேண்டும். அந்த நாற்காலிகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

அடுத்தது கடன். முத்ரா கடனுக்கு ஈடு தேவையில்லை. குறிப்பிட்ட வரம்பு வரையிலான குறு, சிறு தொழில் கடனுக்கு வங்கி ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் தருவது தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம். விசாரிக்க வேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம். உத்யம் பதிவு இலவசம். அதற்கு இடைத்தரகருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

தலித், பழங்குடி மக்கள் தொழில் செய்வதைத் தடுப்பதும், அவர்களைப் பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி குற்றம். ஊர் கூடி வாங்கவிடாமல் செய்தால் அது வழக்கு. தேதி, பெயர், சாட்சி எல்லாவற்றையும் அன்றன்றே குறித்து வையுங்கள்.

காகிதம் மட்டும் போதுமா? 2021-இல் மாமல்லபுரம் கோயில் அன்னதானத்தில் மறுக்கப்பட்ட நரிக்குறவர் பெண்ணின் குரல் நாடெங்கும் கேட்டது. முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து பட்டாவும் கடன் ஆணையும் தந்தார். பிறகு அந்தக் கடன் கைக்கு வரவில்லை என்று அந்தப் பெண்ணே பேச வேண்டியிருந்தது. முதலமைச்சர் கொடுத்த தாளே வங்கி வாசலில் நிற்கிறதென்றால், தனியாகப் போகும் நம் தாள் எங்கே நிற்கும்? ஐந்து பேராகப் போங்கள்.

அதே கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியைப் பாருங்கள். பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டதும் இருளர்களின் பிழைப்பு போனது. 1978-இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷம் போகிறது. வனத்துறை அனுமதி தாமதமானால் இன்றும் அவர்கள் வருமானம் நிற்கிறது. ஆனாலும் தனியாளாக இருந்திருந்தால் அவர்களிடம் இருந்த அறிவைத் தரகர்தான் விற்றிருப்பார்.

சாதியை மறைத்துக் கடை நடத்து என்று தங்கையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறைத்துப் பிழைப்பவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். சுற்றுலாப் பயணிகள் வரும் இடமாகப் பார்த்துப் போடு, அங்கே தெருப் பெயர் கேட்பவர் குறைவு என்றேன். வீட்டுச் செலவையும் கடைக் கணக்கையும் கலக்காதே, முதல் ஆறு மாதம் கந்துவட்டிப் பக்கம் போகாதே என்றேன்.

இனி உங்களிடம், தோழர்களே. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் உள்ள சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. நம்மில் பலருக்கு இன்று அது இல்லை. நம் பணம் மட்டும் இன்னும் பழைய தெருக்களிலேயே சுற்றுகிறது. அடுத்த முறை மாமல்லபுரம் போனால் சிற்பத்தின் முன் படம் எடுத்ததோடு திரும்பிவிடாதீர்கள். பாசிமணி விற்பவரிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள். நம்மவர் தள்ளுவண்டியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நன்றாக இருந்தால் நான்கு பேரைக் கூட்டி வாருங்கள். நன்றாக இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள், அடுத்த வாரம் உப்பு சரியாக இருக்கும்.

தங்கை வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டாள். அவள் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில்தான் என்னிடம் இருந்தது. மீதி உங்களிடம் இருக்கிறது.